தேய்த்த நம்பர்

எங்கள் காரின் எஞ்சினைக் கழற்றியபோது எனக்குப் பத்து வயது. பாமன்கடை என்ற பகுதியில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அம்மா இடியப்பம் அவிப்பார். அப்பா அதைப் பெட்டிகளில் அடுக்கி வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கார் அப்பாவைவிட மூத்தது. கொஞ்சநாள் நீலப் புகை விட்டது. பிறகு நின்றுவிட்டது.

அம்மாவின் தம்பி கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் வேலை செய்தார். வாய் திறந்தால் பகிடியும் சிரிப்பும்தான். அந்த மாமாவும் அப்பாவும் இரண்டு ஞாயிறு இருந்து எஞ்சினைப் பிரித்தார்கள். துண்டு துண்டாக மண்ணெண்ணெயில் கழுவிப் பேப்பரில் பரப்பினார்கள். இடம் போதாமல் அம்மாவின் இடியப்பத் தட்டிலும் நட்டுகளைப் போட்டார்கள். அதற்கு ஒரு சண்டை நடந்தது. ரிங் மாற்றி, கேஸ்கட் மாற்றி, மூன்றாம் ஞாயிறு பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் எண்ணெய்க்குள் தண்ணீர்.

“அத்தான், புளொக் வெடிச்சிட்டுது. இனிக் கோயில்ல நூல் கட்டினாலும் எழும்பாது” என்றார் மாமா.

அப்பா பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் பழைய ஜப்பான் எஞ்சின் ஒன்று வாங்கிவந்தார். அதைக் காரில் இருத்துவதற்கு வேறு தாங்கிகள் ஒட்டவேண்டியிருந்தது. அதுவரை ஒரு வாரம் அது வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையிலான ஒடுங்கிய ஓடையில், லொறி டயரொன்றின் மேல், சாக்கு மூடிக் கிடந்தது.

மாமா அதன் பக்கவாட்டில் டோர்ச் அடித்து வெட்டியிருந்த நம்பரை வாசிக்க, நான் ரசீதைப் பார்த்துச் சரி சொன்னேன். பிறகு கெட்டித்தனம் காட்டக் காரின் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன்.

“மாமா, புத்தகத்தில வேற நம்பர் இருக்கு.”

“ஓம். எஞ்சின் வேறதானே. இனி செக் பொயின்டில பொனட்டைத் திறந்தா உன்ர அப்பர் உள்ளுக்கு. நீ இடியப்பம் கட்டிக்கொண்டு போய்க் குடு.”

“வாயைக் கழுவடா” என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினார். மாமா சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. போன மாதம்தான் முன்வீட்டில் தங்கியிருந்த ஒரு அண்ணாவை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் கூட்டிப்போயிருந்தார்கள். அவருடைய செருப்பு இன்னும் அந்த வாசலில் கிடந்தது. மழைக்கு நனையும். வெயிலுக்குக் காயும். ஒருவரும் எடுக்கவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பள்ளிக்கூடம் போவேன்.

இரண்டு நாள் யோசித்தேன். நம்பர் பிழை என்றால்தானே பிடிப்பார்கள்? நம்பரே இல்லையென்றால் எதைப் பிழை என்பது? பள்ளிக்கூடத்திலும் விடை சந்தேகமென்றால் அழிறப்பரால் அழித்துவிடுவேன். எழுதாத கேள்விக்கு ரீச்சர் அடித்ததில்லை.

மத்தியானம் அம்மா படுத்தபிறகு மாமாவின் அரத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் போனேன். இரும்பு லேசில் தேயவில்லை. அரம் கத்தும். கத்தும்போது நிறுத்தி அம்மாவின் மூச்சைக் கேட்பேன். மேல்மாடி ஜன்னலைப் பார்ப்பேன். கையிலே தோல் உரிந்தது. குழாயடியில் விழுந்தேன் என்று சொன்னேன். மூன்று மத்தியானம் போனது. கடைசியில் ஒரு ஏழு மட்டும் மங்கலாகக் கிடந்தது. அதையும் தேய்த்து, மேலே கிரீஸ் பூசினேன். அன்று ஆமி ட்ரக் எங்கள் ஒழுங்கையால் போனபோது ஓடி ஒளியாமல் கேற்றடியில் நின்றே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோ பீமில் சங்கிலிக் கப்பி கட்டி எஞ்சினைத் தூக்கினார்கள். மாமா சங்கிலியை மெல்ல இறக்க, அப்பா காரின் கீழே மல்லாந்து கிடந்து கியர் பெட்டியோடு அதைப் பொருத்தினார். அவருடைய நெஞ்சுக்கு நேர்மேலே அது ஆடியது. நம்பர் பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரே ஸ்டார்ட்டில் பிடித்தது. அம்மா சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். கார் அதை நசித்துக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் லீவு. அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்.

“எங்கயப்பா போறம்?”

“வாகனம் பதியிற கந்தோருக்கு. புத்தகத்தில புது நம்பரைப் பதிய.”

“நம்பர் வேறயெண்டா பிடிக்க மாட்டினமா?”

“ஏன் பிடிக்கினம்? ரசீதில இருக்கிற நம்பர்தானே எஞ்சினிலயும் இருக்கு. அதைப் பாத்து மாத்தி எழுதுவினம். அவ்வளவுதான்.”

அப்பா சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். ரசீது அதற்குள் இருந்தது.

தேய்த்ததைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அடுத்த லைட் போஸ்ட் வரட்டும், அடுத்த கடை வரட்டும் என்று விட்டேன். செக் பொயின்ட் வந்துவிட்டது.

பொலிஸ்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான். பொனட்டைத் திறக்கச் சொன்னான். அப்பா ரசீதை நீட்டிச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். அவர் முகத்தில் பயமில்லை. பொலிஸ்காரன் துணியால் கிரீஸைத் துடைத்தான்.

“நம்பர் எக்க கோ?”

நம்பர் எங்கே என்று கேட்டான். அப்பா குனிந்தார். கனநேரம் குனிந்தபடியே நின்றார். பிறகு பொனட்டுக்குப் பக்கத்தால் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். நான் கையைச் சட்டைக்குள் ஒளித்தேன்.

“நான்தான் தேய்த்தேன்” என்றார் அப்பா, சிங்களத்தில். “துருவேறிக் கறள் பிடித்திருந்தது.”

கார்க் குண்டுக்குப் பயந்த அந்த நாளில் எஞ்சின் நம்பரைத் தேய்த்த தமிழன் கறளுக்காகத் தேய்த்தான் என்று யார் நம்புவார்கள்? பொலிஸ்காரன் விசில் ஊதினான். நாலு பேர் வந்தார்கள். சீட்டைக் கழற்றினார்கள். அப்பாவின் கையைப் பின்னால் பிடித்தார்கள். ஜீப்பில் ஏறமுதல் அப்பா என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, மாமா வந்து கூட்டிக்கொண்டு போவார். நீ ஒண்டும் கதைக்கக் கூடாது. அம்மாவோடையும் கதைக்கக் கூடாது. விளங்குதோ?”

தலையை ஆட்டினேன்.

மூன்று நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் முன்வாசலுக்குப் போகவேயில்லை. மாமா எஞ்சின் விற்ற கடை முதலாளியின் காலைக் கையைப் பிடித்து, இறக்குமதிப் பத்திரங்களோடு அவரைக் கூட்டிப்போய் நிறுத்தினார். நாலாம் நாள் அப்பா வந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். ஒரு காதுப் பக்கம் கூப்பிட்டால் மற்றக் காதைத் திருப்பினார்.

அம்மா அழுதுமுடித்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

“உங்களுக்கு என்ன விசரா? பத்து வயதுப் பிள்ளைக்கு இருக்கிற புத்தியும் இல்லையா? கறளாம், தேய்ச்சாராம்!”

மாமா ஒரு பகிடியும் விடவில்லை. தன்னுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிழைதான். விடு” என்றார் அப்பா. பிறகு என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அப்பா பொய் சொல்கிறவரல்ல. ஆகவே, பயத்தில் மூளை குழம்பி, தானே தேய்த்ததாக நம்பிவிட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் மனுஷன் இன்னும் குழம்பிப்போவார். அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் ஒரு சொல்லும் கதைக்காமல் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன்.