மெலிந்த மேற்குச் சுவர்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டாவது தறிக்கு இடம் போதவில்லை. மேற்குப் பக்கத்துப் பருத்த மண்சுவரை இடித்து, மெல்லிய செங்கல் சுவர் எழுப்பினேன். தறி அமைந்தது.

சித்திரை வெயிலில் பிற்பகல்தோறும் அந்தச் சுவர் உட்புறமும் சுட்டது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு காய்ந்து, இழைகள் அறுந்தபடியே இருந்தன. முடிச்சுப் போட்டே ஓய்ந்தாள் என் மனைவி.

“தறிக்கு எடம் கெடச்சிது, எனக்குத்தான் இல்ல. அடுப்புக்குள்ள ஒக்காந்துக்கினு நெய்யச் சொல்றீங்களா?” என்றாள்.

மறுநாள் தறிக்குழியிலிருந்து எழுந்தவள் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்ததும் கண் திறந்து, “பாவு அறுந்துபோச்சா?” என்று கேட்டாள்.

புதுத் தறியைக் கழற்றினேன். உட்புறமாக மீண்டும் மண்சுவர் வைத்தேன். மிச்சம் பிடித்த அகலம் அதற்கே போயிற்று. இப்போது பழைய தறியில் இருவரும் மாறி மாறி நெய்கிறோம். பிற்பகல் முறை என்னுடையது.