ஸ்டோர்க்காரர் தனபால்

என் அப்பாவிடம் யாராவது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். முதலில் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். அம்மாதான் சொல்வாள், கேட்கிறவர் யார் என்று பார்த்துச் சொல்வாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று "டிரைவர்" என்றாள். அப்பா லாரியை விட்டு அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர்களிடம் "கூலி" என்றாள். ஒரு கல்யாண வீட்டில் "பிசினஸ் பண்றாக" என்றாள். அந்த மாதம் அப்பா சபரிமலை சீசனுக்காகக் குமுளியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் இல்லாதபோது கேட்டால், "ஏதோ இருக்கறனுங்க" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

எட்டு வருடம் மட்டும் அவரே பதில் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா கேரளத்து முதலமடைப் பக்கத்துக்காரர். ஐந்தாவதோடு படிப்பை விட்டு, செங்கல் சூளையில் மண் மிதித்து, லாரியில் கிளீனராக ஏறி, டிரைவர் ஆனார். மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு உரத்துக்காகக் கீழ்நாட்டிலிருந்து சாணி போகும். அந்தச் சாணி லோடு ஏற்றிக்கொண்டுதான் எங்கள் ஊரான சக்குபள்ளத்துக்கு முதல்முறை வந்தார். சாணியைக் கூடையில் சுமந்து ஏலச்செடிக்குக் கொண்டுபோகும் பெண்களில் என் அம்மா ராமுத்தாயும் ஒருத்தி.

"லாரிக்காரரே, உங்கூர்ல மாட்டுக்குத் தண்ணியே காட்டமாட்டீகளா? சாணி இம்புட்டு காஞ்சு கெடக்கு" என்று அம்மா கேட்டாளாம்.

"எங்கூட்டு மாடு உங்களயாட்ட நாள்பூராம் மழையில நின்னுட்டிருக்காதுங்க" என்றாராம் அப்பா.

நான்கு லோடுக்குப் பிறகு கல்யாணம். அப்பாவின் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் வரவில்லை. அம்மாவின் பக்கம் எல்லாரும் வந்து, மாப்பிள்ளை பேசுகிற தமிழைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள்.

நான் பிறந்த மறுவருடம் லாரியை முதலாளி விற்றுவிட்டார். அப்பா முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஏலச்செடிக்கு மருந்தடிக்கப் போனார். அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வந்தால் குளித்து முடிக்கும்வரை அம்மா என்னைப் பக்கத்தில் விடமாட்டாள். அதற்குப் பிறகுதான் அந்த எட்டு வருடம். ஏலக்காய் ஸ்டோர் வேலை.

ஸ்டோர் என்றால் சரக்கு அடுக்கும் இடம் என்று நினைத்துவிடக் கூடாது. பறித்து வந்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, கதவை அடைத்து, வெளியே அடுப்பில் விறகு எரித்து, குழாய் வழியாகச் சூடேற்றிக் காயவைக்கும் அறை அது. காய் நீர் விடும்போது ஜன்னலைத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும். முந்தித் திறந்தாலும் பிந்தித் திறந்தாலும் பச்சை நிறம் போய்விடும். எப்போது திறப்பது என்று ஸ்டோர்க்காரருக்குத்தான் தெரியும். காய் உள்ளே இருக்கும்போது வேறு யாரும் கதவில் கை வைக்க மாட்டார்கள். முதலாளிகூட வெளியே நின்றுதான் கேட்பார்.

முன்கூடத்தில் அம்மா மற்ற பெண்களோடு உட்கார்ந்து, காய்ந்த காயைத் தரம் பிரிப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருப்பேன். அப்பா அடுப்புப் பக்கமிருந்து, "ஏம்புள்ள, மணி என்னாச்சு?" என்பார். அம்மா தலை நிமிராமல், "கடியாரம் உங்க தலைக்கு மேலதான தொங்குது" என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். தினமும் இதே பேச்சுதான். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தது அந்த எட்டு வருடம்தான். அப்போது யாராவது வேலை என்ன என்று கேட்டால், அப்பா யாரையும் பார்க்காமல் "ஸ்டோருங்க" என்பார்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது, நன்றாகப் படிக்கட்டும் என்று என்னை முதலமடைக்குப் பக்கத்துச் சித்தூரில் கமலாத்தாள் அத்தை வீட்டில் விட்டார்கள். அத்தை நல்லவள். வகுப்பில்தான் என்னால் வாய் திறக்க முடியவில்லை. "அங்கிட்டு" என்றால் சிரிப்பார்கள். "வாரேன்" என்றால் சிரிப்பார்கள். பேசுவதை நிறுத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். ஐந்தாம் மாதம் ஒருநாள் விடியற்காலை, நோட்டு வாங்க அத்தை கொடுத்த பணத்தோடு பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கேரளத்தில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக எங்களுக்குத் தமிழ்நாடு வழியாகத்தான் பாதை. பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறிக் குமுளிக்கு வந்தேன்.

காலை பத்து மணிக்கு அத்தை ஸ்டோருக்குப் போன் செய்திருக்கிறாள். அப்பாதான் எடுத்திருக்கிறார். பச்சைக் காய் உள்ளே ஏறி, அடுப்பு நன்றாகப் பிடித்திருந்த நேரம். மகளைக் காணோம் என்று சொன்னால் அம்மா அங்கேயே விழுந்துவிடுவாள் என்று நினைத்து, "இப்ப வந்தர்றேன்" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு ஜீப் பிடித்துக் குமுளிக்குப் போய்விட்டார்.

நான் இறங்கும்போது மணி நான்கு. அப்பா பஸ் ஸ்டாண்டில் தூணோடு நின்றிருந்தார். திட்டவில்லை. டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்து, நான் தின்று முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் ஸ்டோருக்குப் போனபோது அம்மா கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போனீக? கதவுல தண்ணி ஒழுகிச்சு. ஜன்னலு வேர்த்துப் போச்சு. நான் தொறக்கல. சொல்லாமத் தொறந்தா வைவீகன்னு தொறக்கல" என்றாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

உள்ளே இருந்த காய் முழுவதும் வெளுத்துப் போயிருந்தது. முதலாளி வந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். அவர் ஏதாவது சொல்வதற்குள் அப்பா சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு அப்பா, கம்பத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிவரும் ஜீப் ஓட்டினார். சுற்றுலாக்காரர்களுக்கு ஓட்டினார். சிப்ஸ் கடை போட்டார். அம்மா அங்கன்வாடியில் சமைத்தாள், வேறு தோட்டங்களில் காய் பறித்தாள், கடைசியில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையலுக்குச் சேர்ந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அப்பாவின் அண்ணன் நஞ்சப்பன் முதலமடையில் மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்தார். கூட ஒரு ஆள் வேண்டும் என்றார். "மூணு மாசந்தான் புள்ள, காய் எறங்குனதும் வந்துருவேன்" என்று அப்பா போனார். பூவெடுப்பு, காய், கவாத்து, மறுபடி பூ என்று அவர் அங்கேயே இருந்துவிட்டார். மழைக்காலத்தில் பத்து நாள் வருவார். திரும்பிப் போகும்போது அம்மா பஸ் ஸ்டாப்புக்கு வர மாட்டாள். அடுக்களையில் எதையாவது உரக்க நகர்த்திக்கொண்டிருப்பாள்.

அவர் சொந்தக்காரர்களோடு ஒட்டிக்கொண்டார் என்று அம்மா நினைத்தாள். அன்றைக்குப் போன மானத்தால்தான் மலைக்கு வர மாட்டேன் என்கிறார் என்று நான் நினைத்தேன். அந்த மானத்தைப் போக்கியது நான்தான் என்பதால், அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன ஆடியில் அம்மா ஒரு காரியம் செய்தாள். பழைய முதலாளியின் மகன் கோபிநாத்தான் இப்போது ஸ்டோரைப் பார்க்கிறார். அவரிடம் போய், "எங்க வீட்டுக்காரருக்கு அந்த வேலையத் திரும்பக் குடுங்க" என்று கேட்டுவிட்டாள். அவரும் சரி என்றார். அப்பா வந்ததும் நான் கூட்டிக்கொண்டு போனேன்.

அடுப்பு இருந்த இடத்தில் ஒரு பெரிய பெட்டி நின்றது. சூட்டை எண்ணில் காட்டியது.

"தனபாலேட்டா, இப்ப எல்லாம் மெஷினாக்கும்" என்றார் கோபிநாத். "ஆனா மெஷினுக்குத் தொட்டுப் பாக்கத் தெரியாதில்லே. நிங்ஙள் வந்தா மதி, அது போதும்."

அப்பா தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து விரலால் உருட்டினார். "இன்னும் ரெண்டு மணிநேரமுங்க" என்றார். கோபிநாத் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இரண்டேகால் என்று காட்டியது. அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. வந்துவிடுவார் என்று அந்த நிமிடம் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

திரும்பும் வழி மேடு. மூடுபனி இறங்கியிருந்தது. அப்பா ஓரிடத்தில் நின்று ஒரு மரத்தைப் பார்த்தார். பிறகு நின்று ஒரு வீட்டைப் பார்த்தார். மூன்றாம் முறை நின்றபோது பார்க்க எதுவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து மூச்சுத்திணறலுக்கு உறிஞ்சும் மருந்தை எடுத்து இரண்டு முறை இழுத்தார்.

"எத்தன வருசமாப்பா?"

"அது கெடக்குது அம்மணி. மருந்தடிச்சது, பொகை, எல்லாஞ் சேந்து. கீழ அந்த வறண்ட காத்துல ஒண்ணுந் தெரியாது. இங்க குளுருல பத்து நாளைக்கு மேல தாங்காது. டாக்டரும் மலை வேண்டாம்னுட்டாரு."

"அம்மாட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா அவ மூட்ட கட்டீட்டு வந்துருவா. அங்க வந்து என்ன பண்ணுவா? எம்பட சட்டயத் தொவச்சுட்டு உக்காந்திருப்பாளா? இங்க அவ கைச்சோத்துக்குன்னு ஆளுக வாராங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, அந்த நாள் ஓடி வந்தது நான்தானே, உங்கள் வேலை போனது என்னால்தானே என்று கேட்டேன். இருபத்தைந்து வருடமாக வாயில் வைத்திருந்த கேள்வி.

"நீ வந்த பஸ்ஸு ஒரு மணிநேரம் லேட்டு" என்றார் அப்பா. "அந்தக் கம்பம் டிரைவரத்தான் நா இன்னிக்கும் திட்டீட்டிருக்கறேன். நீ எறங்குனபோது எனக்கு ஏலக்காயா நெனப்புல இருந்துச்சு? போ புள்ள."

அம்மாவிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். முன்பு ஒருமுறை இவர் சொல்லாமல் போனதில்தான் எல்லாம் தொடங்கியது. நான் அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா முதலில் அப்பாவைத் திட்டினாள். "ஒன்பது வருசமா என்னய மாட்டுக்காரியாட்டம் காத்துக் கெடக்க வச்சீகளே!" என்றாள். அப்புறம் அழுதாள். ஹோம்ஸ்டேயில் சொல்லிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு அவரோடு முதலமடைக்குப் போனாள்.

பத்தொன்பது நாள் இருந்தாள். தோப்புக்கு நடுவே ஒரே அறை. கவாத்து முடிந்த மரங்கள், வெயில், லாரிச் சத்தம். அங்குள்ள பெண்கள் அவளை "மலைக்காரி" என்றே கூப்பிட்டார்கள். சமைக்க இரண்டு பேருக்கு அரைமணி நேரம் போதும். ஹோம்ஸ்டேயிலிருந்து தினமும் போன் வந்தது. வந்தவர்கள் ராமுத்தாய் சேச்சி எங்கே என்று கேட்கிறார்களாம். அவள் ஒவ்வொரு போனையும் எழுந்து நின்று பேசினாளாம். கடைசியில் அப்பாவேதான் கோவிந்தாபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டார். "வெயிலு தாங்கலடி" என்றாள் வந்ததும். அன்று அவள் எனக்குச் சோறு போட்டபோது மூன்று தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தாள்.

ஸ்டோருக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அப்பா முதலமடையில் இருக்கிறார். இந்த வருடம் பூ முந்திவிட்டது. மாமரத்துக்கு மருந்தடிப்பதை மட்டும் விட்டுவிட்டார். அம்மா இங்கே ஹோம்ஸ்டேயில் சமைக்கிறாள், மாதத்தில் நான்கு நாள் கீழே போய்வருகிறாள். நான் இங்கே அம்மாவோடு இருக்கிறேன்.