பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த கோதுமை

ஆதிலட்சுமிக்குக் கோதுமை என்றால் அரிசிக்குப் பதிலாக ரேஷன் கடையில் தலையில் கட்டுகிற சாமான், அவ்வளவுதான். அரிசிக்கு ஊரே அல்லாடிய அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. முத்தாண்டிக்குப்பம் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், வயல் வேலை குறைந்ததும் நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் பாத்திரம் தேய்க்க வந்தாள். புருஷன் சாமிக்கண்ணுவுக்கு நெஞ்சில் கோளாறு. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் கருணாகரன் பவர் ஹவுஸ் என்ஜினீயர், ஈரோட்டுக்காரர். தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைக்கிற மனிதர். வடக்கே இருந்த நண்பர் ஒருவர் கொடுத்தனுப்பிய விதைக் கோதுமை பொங்கலுக்குப் பிறகுதான் அவர் கைக்கு வந்தது. கார்த்திகையில் விதைக்க வேண்டியதைத் தை கடைசியில் விதைக்கக் கிளம்பினார். ஆதிலட்சுமியைக் கூப்பிட்டுக் கொல்லையில் பாத்தி கட்டச் சொன்னார்.

“பயிர் நல்லா வந்துச்சுன்னா தோட்ட ஆபீசரைக் கூட்டிவந்து காட்டறேன். உன்னை டவுன்ஷிப் தோட்ட வேலையில பர்மனென்ட் பண்ணச் சொல்றேன்” என்றார்.

நெய்வேலியில் அந்த வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது. பர்மனென்ட் ஆனால் மாதச் சம்பளத்தோடு சாமிக்கண்ணுவுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி வைத்தியமும் உண்டு. அந்த வாரமே பண்ருட்டிப் பக்கத்துச் செங்கல் சூளை மேஸ்திரி புருஷன் பெண்டாட்டி இருவரையும் வேலைக்குக் கேட்டு வந்தான்; ஜோடியாக வந்தால்தான் சூளையில் வேலை.

“சூளப் புழுதியில இவுரு உசுரோட இருக்க மாட்டாரு. எனக்கு இங்கியே வேல ஆவப்போவுது” என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

பயிர் முளைத்தது. மாசி வெயிலில் இலைக்குமேல் இலையாக வந்தது. ஒன்று விரிந்து முடிவதற்குள் அடுத்தது எட்டிப் பார்த்தது. “நெல்லு நாத்தக் காட்டியும் வெரசா எல வுடுதும்மா” என்று என்னிடம் பூரித்துப்போனாள். கருணாகரனுக்கோ அதுவும் போதவில்லை. கரன்ட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர் ஆயிற்றே. பாத்தி நடுவில் கம்பம் நட்டுப் பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். பகலில் வளர்கிற பயிர் ராத்திரியும் வளரட்டுமாம். அந்தி சாயும்போது ஸ்விட்ச் போட்டுவிட்டுப் போவதும், விடிந்ததும் அணைப்பதும் அவள் வேலை. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற மாதிரி அதைச் செய்தாள்.

இலைகள் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பங்குனி நடுவிலேயே முழங்காலுக்குக் கீழே கதிர் வந்துவிட்டது. ஈரக் கையோடு என் அடுப்படிக்கு ஓடிவந்து சொன்னாள். பத்து நாள் கழித்து ஒரு கதிரைக் கிள்ளி நகத்தால் நசுக்கிப் பார்த்தவள் முகம் செத்துப்போயிற்று.

“பால் புடிக்கலம்மா, பூரா பதரு” என்றாள்.

அந்தச் சமயம் கருணாகரனின் மைத்துனர் கோபாலகிருஷ்ணன் வந்திருந்தார், விவசாயக் காலேஜில் வேலை பார்ப்பவர். பாத்தியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“குளிர் இருந்தா ஒவ்வொரு இலையும் நிதானமா வரும் மச்சான், நல்லா நீண்டு விரியும். சூட்டுல அவசரமா வந்து சின்னதாவே நின்னுரும். போதாததுக்கு விடிய விடிய லைட்டு. பகல் நீண்டுருச்சுன்னு பயிரு இலை போடறதை நிறுத்திட்டுக் கதிருக்குப் போயிருச்சு. இலை இல்லாத கதிருக்கு யாரு சோறு போடறது?”

கருணாகரன் சிரித்தார். “சரி, வர்ற கார்த்திகையில பாத்துக்கலாம்.”

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கார்த்திகைவரை காத்திருக்க அவரால் முடியும்.

“ஆபீசரு வருவாருங்களா ஐயா?” என்று ஆதிலட்சுமி கேட்டாள்.

“இதை எப்படிம்மா காட்டறது?”

அந்த வாரமே சாமிக்கண்ணுவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவள் சூளைக்குப் போனாள். சித்திரையில் தனியாகத் திரும்பி வந்தாள். காயவைத்த கல் அடுக்கின் ஓரமாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மறுபடியும் எங்கள் பாத்திரங்களைத் தேய்த்தாள்.

கார்த்திகையில் கருணாகரன் பல்பு இல்லாமல் விதைத்தார். மார்கழிப் பனியில் இலைகள் சாவகாசமாக வந்து அகலமாக விரிந்தன. எங்கள் ஊர்க் குளிருக்கு அது பெரிய வளர்ச்சிதான். தை பிறந்ததும் ஆதிலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாத்தியா? நாளைக்கே ஆபீசரைக் கூட்டியாறேன். உன் விஷயமும் பேசறேன்.”

அவள் குனிந்து ஓர் இலையை விரலிடுக்கில் அடியிலிருந்து நுனிவரை நீவிப் பார்த்தாள்.

“நல்லா வந்திருக்குதுங்க” என்றாள். “அவுரு போயி சேந்துட்டாரே ஐயா. இனிமே யாருக்குங்க பர்மனென்ட்டு?”

பாதி தேய்த்த பாத்திரங்கள் கிடந்தன. அவற்றை முடிக்கப் போய்விட்டாள்.