கண்ணம்மை ஆச்சியின் மஞ்சள் ஓமப்பொடி

குனோங் ராபாட்டில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கண்ணம்மை ஆச்சியைப்போல என் உயிரை எடுத்த வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை. ஓர் எழுத்து மங்கலாக விழுந்திருந்தாலும் மொத்த ரோலையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார்.

கணவர் சாத்தப்பன் இறந்தபிறகு வீட்டிலேயே ஓமப்பொடி பிழிந்து விற்கத் தொடங்கியவர் அவர். எட்டு வருடமாகத் தாப்பா, லூமுட் ஊர்க் கடைகளுக்குப் பாக்கெட் போகிறது. மஞ்சள்தூளைத் தவிர வேறு நிறம் சேர்த்ததே இல்லை. போன வருடம் லூமுட் கடைக்காரர், வெளிறிப்போன பாக்கெட்டை யாரும் தொடுவதில்லை, கலர் போடாவிட்டால் இனி எடுக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஆச்சி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மஞ்சள் சாயப்பொடி வாங்கிக் கலந்துவிட்டு, கையோடு என் கடைக்கு வந்தார்.

"தம்பி, பழைய ஸ்டிக்கர்ல செயற்கைக் கலர் இல்லேன்னு போட்டிருக்கு. மாத்தணும்."

"நாலு ரோல் மிச்சம் இருக்கே ஆச்சி. முடியட்டும், அப்புறம் மாத்தலாம் லா. யாரு இதெல்லாம் படிக்கிறா?"

"மாதுமை படிக்கும்."

மாதுமை, ஆச்சியின் பக்கத்து வீட்டு சரோஜாதேவி டீச்சரின் ஒரே மகள். இருபத்திரண்டு வயது. அந்த மஞ்சள் சாயம் உள்ளே போனால் அவளுக்கு முகம் வீங்கி மூச்சு இழுக்கும். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள். ஆச்சி அந்த நாலு ரோலையும் என் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டார். சாயத்தின் பெயரும் எண்ணும் மலாயிலும் தமிழிலும் பெரிதாக வரவேண்டும் என்றார். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அடித்துக் கொடுத்தேன்.

அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஓர் எவர்சில்வர் சம்படம் போய்வந்துகொண்டிருக்கும். முதலில் அது யாருடையது என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று. டீச்சர் அதில் தேங்காய்ப்பால் சொதி கொடுத்துவிடுவார். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாதே! ஆச்சி கழுவித் துடைத்து, கைக்கு எட்டிய ஓமப்பொடியை நிரப்பி அனுப்புவார். எட்டு வருடப் பழக்கம். சாயம் கலந்த அந்த வார வியாழக்கிழமையும் சம்படம் வந்தது. ஆச்சி அடுப்படியில் வியர்த்து நின்றுகொண்டிருந்தார். கை தன்பாட்டுக்கு நிரப்பிக் கொடுத்துவிட்டது.

கடைக்குப் போகும் பாக்கெட் அத்தனையிலும் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சம்படத்துக்கு யார் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்? மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருந்ததை மாதுமை கவனித்தாளோ என்னவோ. ஆச்சி வீட்டுப் பண்டம், அதில் படிக்க என்ன இருக்கிறது? அள்ளித் தின்றிருக்கிறாள்.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஆச்சியை நான்தான் என் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். போகிற வழியில் டீச்சருக்குப் போன் செய்து கேட்டேன். ஊசி போட்டபிறகு மூச்சு சீராகிவிட்டது, எதனால் வந்தது என்றுதான் தெரியவில்லை என்றார்.

"ஆச்சி, புள்ள பொழைச்சிருச்சு. நீங்க வாயத் தொறக்காதீங்க. இனிமே சொல்லி என்ன ஆவப்போவுது?"

அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆச்சி காரைவிட்டு இறங்கினார். வார்டு வாசலில் நின்ற டீச்சரிடம் நேரே போனார்.

"சரோஜா, என்னாலதான். ஓமப்பொடியில சாயம் போட்டிருந்தேன். ஒங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள கை மறந்து அனுப்பிருச்சு."

டீச்சர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐந்தாம் நாள் மாதுமை வீடு திரும்பினாள். மறுவாரம் நான் புது ரோல்களைக் கொடுக்கப் போனபோது, ஆச்சி வீட்டுக் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே அந்தச் சம்படம். ஆச்சி கிட்டத்தட்ட ஓடிவந்து அதை எடுத்தார். மூடியைத் திறந்தார். நன்றாகத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்திருந்தது. கண்ணால் பார்த்தது போதாமல் கையை உள்ளே விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை.

மூடியைப் போட்டு மேல்தட்டில் வைத்தார்.

"ஸ்டிக்கரைக் காட்டு தம்பி."

நீட்டினேன். முதல் வரியிலிருந்து கடைசி எண்வரை விரலை வைத்துப் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.