மாஸ்டரின் ஈறும் மனைவியின் நாற்காலியும்

டெய்லர் மாஸ்டர் கத்தரிக்கோலைத் துணி வெட்ட மட்டும்தான் எடுப்பார். நூலை வெட்டுவதெல்லாம் பல்லால்தான். காலரைத் தைத்து முடித்ததும் குனிந்து முன்பல்லால் நறுக்கென்று ஒரு கடி கடிப்பார், நூல் துண்டாகிவிடும். தெருவில் அவருக்குப் ‘பல்கத்தரி’ என்று பட்டப்பெயரே உண்டு. கோபப்படுவாரா என்றால் அதுதான் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் தாராளமாகப் பல்லைக் காட்டுவார்.

கடை ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே இரண்டு தையல் மெஷின்கள், ஒன்று அவருடையது, மற்றது அவர் மனைவியுடையது. அவள் காஜா எடுப்பாள், பொத்தான் வைப்பாள், ஓரம் அடிப்பாள். இடம் போதாமல் இருவர் முழங்கையும் இடித்துக்கொள்ளும். இருபத்தாறு வருஷமாக அப்படி இடித்துக்கொண்டேதான் தைத்தார்கள். வாய் ஓயாமல் பேசுவது அவர் வேலை, ‘உம்’ கொட்டுவது அவள் வேலை. அவர் சொன்ன ஜோக்கையே நாலாவது தடவை சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்த மனுஷன் காலையில் கடையையே திறந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

வம்பு ஒரு காலை வேளையில் வாஷ்பேசினில் ஆரம்பித்தது. பல் தேய்த்துத் துப்பினால் நுரையில் சிவப்பு. மாஸ்டர் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்த்தார், பிரஷைத் திருப்பிப் பார்த்தார், உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டார். குற்றவாளி பிரஷ்தான். மெத்தென்ற சதையில் முள்ளை வைத்துத் தேய்த்தால் ரத்தம் வராமல் பன்னீரா வரும்? அன்றைக்கே வீட்டிலிருந்த இரண்டு பிரஷ்களும் குப்பைக்குப் போயின. இனி இந்த வீட்டில் விரலும் வாய் கொப்பளிப்பும்தான் என்று சட்டம் போட்டார். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி, மனைவியும் அப்படியே செய்தாள். பாவம், அவளுக்கு அதுதான் பழக்கம்.

இரண்டு வருஷம் ஓடியது. ரத்தம் நிற்கவில்லை. ஈறு வீங்கிப் பளபளவென்று சிவந்தது. காலையில் எழுந்தால் தலையணையில் ரத்தத் திட்டு. மாஸ்டர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்: சூடு. வாய் ஒரு மாதிரி நாறுவதற்கும் அவரிடம் காரணம் இருந்தது: வெங்காயம். வெங்காயம் சாப்பிடாத நாளிலும் நாறியதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்ப்பார், பார்த்துவிட்டு வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வார்.

அப்புறம்தான் அது நடந்தது. ஒரு திங்கட்கிழமை அவர் கடைக்குள் நுழைந்தால், மனைவியின் மெஷின் அதன் இடத்தில் இல்லை. நாற்காலியோடு வாசலோரம் போயிருந்தது.

“வெளிச்சம் அங்கதாங்க நல்லா இருக்கு,” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இருபத்தாறு வருஷமாக இல்லாத வெளிச்சப் பிரச்சினை இப்போது எங்கிருந்து வந்தது? என் வாய் நாற்றம் தாங்காமல்தான் தள்ளிப் போய்விட்டாள் என்று மாஸ்டருக்குப் புரிந்துபோனது. கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஜோக்கை அவ்வளவு தூரத்துக்குக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்திச் சொன்னால் ஜோக்கும் செத்துப்போகிறது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு லேசாகச் சிரித்ததோடு சரி. அந்த நாற்காலியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதுதான் அவருடைய ஒரே கவலை. எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி ஒரு வெள்ளைக் கோட்டின் வடிவத்தில் வந்தது. எதிர்க் கட்டடத்தில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார், சின்ன வயசுப் பெண். அவருடைய கோட்டுக்குக் காலர் மாற்றும்போது மாஸ்டரின் விரலில் ஊசி ஏறி, வெள்ளையில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்துவிட்டது. டெய்லர்கள் இதற்கெல்லாம் பதறமாட்டார்கள். ஊசி குத்தியவன் எச்சிலைத் தொட்டு வைத்தால் அவன் ரத்தம் போய்விடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மாஸ்டரும் தாராளமாகத் தொட்டு வைத்தார். கடுகளவு இருந்த கறை காசளவு ஆயிற்று. இன்னும் கொஞ்சம் வைத்தார். காலரே ரோஸ் கலரில் மலர்ந்தது. எச்சிலே ரத்தமாக இருக்கிறது என்பது அந்த அறிவாளிக்கு மூன்றாவது தடவைதான் உறைத்தது.

சோப்புப் போட்டு அலசியும் ஒரு நிழல் மிச்சமிருந்தது. அதோடுதான் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டர் காலரைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் அசடு வழிய விஷயத்தைச் சொன்னார். முழுக்கதையையும் கேட்ட டாக்டர் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “வாயைத் திறங்க மாஸ்டர்,” என்றார்.

ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியை இறக்கி, டாக்டர் எண் எண்ணாகச் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டாள். மூணு, நாலு, அஞ்சு, அஞ்சு, ஆறு. அளவெடுப்பதிலேயே தலை நரைத்த மனுஷனுக்கு விஷயம் பிடிபட எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாம் மில்லிமீட்டர் என்றார் டாக்டர். மூன்று வரைக்கும் சரி. அதற்கு மேலே போனால் ஈறு பல்லை விட்டு விலகுகிறது என்று அர்த்தம். ஆறு என்றால் உள்ளே எலும்பும் இறங்க ஆரம்பித்துவிட்டது. அந்த ஆறு, நூல் கடிக்கும் பல்லுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

பிரஷ் குத்தியதால்தானே இதெல்லாம் என்று மாஸ்டர் தன் தீர்ப்பை எடுத்து வைத்தார்.

“அழுக்குச் சட்டையைத் துவைக்கிறப்போ தண்ணி கலங்குதுன்னு துவைக்கிறதையே நிறுத்துவீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் தினமும் ஒரு படலம் படியும், அதில் கிருமி குடியேறும், அதனால்தான் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது என்று டாக்டர் விளக்கினார். தேய்த்து எடுக்காவிட்டால் அந்தப் படலம் காரையாக இறுகிவிடும். இறுகிய பிறகு எந்த பிரஷுக்கும் அசையாது, இங்கே வந்து சுரண்டித்தான் ஆக வேண்டும். சர்க்கரை உண்டா, புகை உண்டா என்றும் கேட்டார். இரண்டும் இல்லை. பிழைத்தீர்கள் என்றார்.

இரண்டு முறை உட்காரவைத்துக் காரையை எடுத்தார்கள். மெத்தென்ற பிரஷைச் சாய்த்துப் பிடித்து, ஈற்றோரமாக, தினம் இரண்டு வேளை தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பல்லிடுக்குக்கு ஒரு நூல். நூல் விஷயத்தில் எனக்கே பாடமா என்று மாஸ்டர் முறுக்கிக்கொண்டார், அறுக்கிற மாதிரி இழுத்து ஈற்றைக் கிழித்துக்கொண்டார், பிறகு வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொண்டார். பல்லை அணைத்தாற்போல் மேலும் கீழும் விட வேண்டுமாம். தையல் நூலைப் பல்லால் கடிப்பதற்கு அன்றோடு தடை.

இரண்டே வாரத்தில் ரத்தம் நின்றது. மாஸ்டர் வீட்டுக்குப் புது பிரஷ் இரண்டு வாங்கிவந்து, பழைய சட்டத்தை ரத்து செய்தார். தன் வாயில் இருந்த எண்களைப் பற்றி மட்டும் மனைவியிடம் மூச்சு விடவில்லை. வாடிக்கையாளர்களிடம் வேண்டுமென்றே மூக்கருகே போய்ப் பேசினார். யாரும் பின்வாங்கவில்லை. இனி நாற்காலி தானாக வந்துவிடும் என்று காத்திருந்தார். ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். நாற்காலி அசைந்தபாடில்லை. பக்கத்தில் போய் நின்றால் அவள் முகத்தைத் திருப்பினாள். அப்படியென்றால் நாற்றம் இல்லை காரணம், நான்தான் என்று மனுஷன் நொறுங்கிப் போனார். அவருக்கு அழுகையே வந்தது.

மூன்றாம் மாதம் திரும்பவும் அளவெடுக்க டாக்டர் வரச்சொல்லியிருந்தார். மாஸ்டர் மனைவியையும் வம்படியாகக் கூட்டிப்போனார். என் வாய் சுத்தம் என்று டாக்டர் வாயாலேயே அவள் கேட்கட்டும், அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் கேட்டுவிடுவது என்ற முடிவோடு போனார்.

ரெண்டு, மூணு, ரெண்டு, ரெண்டு என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். ஆறு இருந்த பல்லுக்கு ‘நாலு’ என்று மட்டும் சொன்னார். அருமை என்றார். மாஸ்டர் வெற்றியோடு திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

டாக்டர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். “நீங்களும் ஒரு தடவை உக்காருங்கம்மா,” என்றார்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு டாக்டரிடம் சொல்லாமல் கணவனிடம் சொன்னாள்.

“உங்க பக்கத்துல உக்காந்தா என் வாய் நாத்தம் உங்களுக்குத் தெரிஞ்சுடும்னுதாங்க தள்ளிப் போனேன். இப்போ நல்லாத் தேய்க்கிறேன், அப்பவும் போக மாட்டேங்குது.”

மாஸ்டர் போட்ட சட்டம், அவர் தூக்கிப்போட்ட பிரஷ், அவர் சொன்ன வைத்தியத்தை ஒரு நாள் விடாமல் செய்தவள் அவள். இத்தனை மாதமும் தன் நாற்றத்தையே நினைத்து மருகினாரே தவிர, அவள் வாய்க்குள் என்ன இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பாரா? எழுந்து அவள் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கம்பியை இறக்கினார். நாலு, அஞ்சு, அஞ்சு. அவள் விரல்கள் இறுகின. கம்பி கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு வந்தது.

“ஏழு.”

அவள் பயந்துபோய்க் கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏழுதானே,” என்றார் மாஸ்டர். “எனக்கு எட்டு இருந்துச்சு.”

நர்ஸ் கையில் மாஸ்டரின் பழைய அட்டை இருந்தது. நர்ஸ் அதைக் குனிந்து பார்த்தாள்.

“ஆமாம்மா, மாஸ்டருக்கு எட்டு,” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த பல்லுக்குப் போனார்.