சரசு தொட்டுக் கொடுத்த தாலி

புதுப் பெயின்ட் வாசம்... அதோடு முறுக்கு வேகிற எண்ணெய் வாசம்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுச் சரசுவின் மகள் கீதாவுக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம் அது. இப்போதும் எங்காவது பெயின்ட் அடித்தால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகத்துக்கு வரும்.

என் பேத்தி யாமினியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அவள் யூனிவர்சிட்டி கெம்பஸில் ஆராய்ச்சி செய்கிறாள். "பேத்தி டொக்டரா?" என்று கேட்பார்கள். இல்லை. தொழுநோய்க்கு மருந்து கொடுப்பது டொக்டர் வேலை. மருந்து குடித்து நோய் போன பிறகும் அந்த ஆட்களை நாம் ஒதுக்கி வைக்கிறோமே... அது ஏன் என்று கேட்பதும், கூடாது என்று சண்டை பிடிப்பதும்தான் இவள் வேலை.

சரசுவுக்கு அந்த நோய் வந்து, ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்து, முழுதாகச் சுகமாகிவிட்டது. இடது கையில் விரல்கள் மட்டும் மடங்கி நின்றுவிட்டன. புருஷன் இல்லாத மனுஷி. அந்தக் கையோடுதான் கீதாவை வளர்த்தாள்.

மாப்பிள்ளை வீடு பிலிமத்தலாவை. அவர்களுக்கு விஷயம் தெரியாது. நிச்சயதார்த்தத்தில் சரசு சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டே சமாளித்துவிட்டாள். கல்யாண மண்டபத்தில் அது நடக்குமா?

அன்றைக்கு முன்னறையில் சொந்தக்காரர் எல்லாம் கூடியிருந்தார்கள். சரசுவின் தம்பி நடராஜன்தான் பேசினான்.

"அக்காவுக்குக் காய்ச்சல்னு சொல்லிருவோம். வீட்டுலயே இருக்கட்டும். பொண்ணோட வாழ்க்கைதானே முக்கியம்?"

ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். கீதா மூலையில் அழுதுகொண்டிருந்தாள். யாமினியும் நானும் பலகாரத்துக்குக் கை கொடுக்கப் போன இடத்தில் இந்தப் பேச்சு.

யாமினி மெதுவாகக் கேட்டாள். "பேசி முடிச்சிட்டீங்களா மாமா?"

"முடிச்சாச்சும்மா."

"சரசு அத்தைகிட்ட கேட்டீங்களா?"

"அவகிட்ட என்னத்தக் கேக்குறது?"

யாமினி நேரே குசினி வாசலுக்குப் போனாள். "அத்தை, உங்களுக்கு என்ன வேணும்? நீங்க சொல்லுங்க."

சரசு எண்ணெய்ச் சட்டியை விட்டுத் திரும்பவே இல்லை. "நான் சுட்ட முறுக்கு மட்டும் மாப்பிள்ள வீட்டுக்குப் போகுது... நான் போகக் கூடாதாக்கும்?"

வெந்த முறுக்கை அரித்து எடுத்து வைத்தாள்.

பிறகு சரசு சொன்னாள். "தாலித் தட்டு சபையில சுத்தி வரும்ல... என் புள்ளையோட தாலிய நானும் தொட்டுக் குடுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"சம்பந்தியம்மா எந்திரிச்சுப் போயிட்டா?" என்றான் நடராஜன்.

யாமினி அதற்கும் சரசுவைத்தான் பார்த்தாள். "அவங்ககிட்ட சொல்றதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும் அத்தை. நீங்க சொல்லாம நான் வாய் தொறக்க மாட்டேன்."

"நானே சொல்றேன். நீ பக்கத்துல இரு, போதும்."

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறிப் பிலிமத்தலாவைக்குப் போனோம். மாப்பிள்ளையின் அம்மா பத்மா கதிரை போட்டு உட்கார வைத்தார். சரசு தலைப்பை விலக்கிக் கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

பத்மா யாமினியைப் பார்த்து, "தொத்தாதா?" என்று கேட்டார்.

"மருந்து தொடங்கினாலே தொத்தாதுங்க. அத்தைக்கு மருந்து முடிஞ்சே பல வருஷம்."

பத்மா தேத்தண்ணி கொடுத்தார். கல்யாணம் நடக்கும் என்றார். சரசு தாலி தொடுவதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

கல்யாண நாள். மேளம் வாசிக்க, தேங்காய் மேல் தாலி வைத்த தட்டு வரிசை வரிசையாக வந்தது. கொண்டு வந்தது மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி. சரசுவின் கையைப் பார்த்தாளோ என்னவோ, அடுத்த கதிரைக்குத் தட்டைத் திருப்பிவிட்டாள்.

யாமினி பாதி எழுந்தாள்... சரசு வாயைத் திறந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

சரசுதான் பேசினாள். "இங்கிட்டுக் கொண்டு வாம்மா. நான் பொண்ணோட அம்மா."

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மணவறைப் பக்கமிருந்து பத்மா இறங்கி வந்தார். அந்தப் பெண்ணிடமிருந்து தட்டை வாங்கினார். சரசுவின் முன்னால் நீட்டினார். சரசு இரண்டு கையாலும் தாலியைத் தொட்டாள். அவள் கை எடுத்த பிறகு, பத்மா அதே தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீ ஏண்டி எந்திரிச்சு ஒக்காந்துட்ட?" என்று வீட்டுக்கு வந்ததும் யாமினியைக் கேட்டேன்.

"அத்தையே கேட்டுட்டாங்களே அம்மாயி. நான் எதுக்குக் குறுக்க?"

இவ்வளவு படித்தவளுக்கு எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறதே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

என் சின்ன வயதில் இந்த நோய் வந்தவர்களின் பேரைக்கூட வீட்டில் சொல்ல விடமாட்டார்கள். எங்கே கொண்டு போனார்கள், என்ன ஆனார்கள் என்று கேட்டால் அடிதான் விழும். அவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டிருப்பார்கள்...

இப்போது யாமினி கொழும்பு, மட்டக்களப்பு என்று ஊர் ஊராகக் கூட்டங்களுக்குப் போகிறாள். வீட்டில் அவள் சத்தமே குறைந்துவிட்டது. சில கூட்டங்களுக்குச் சரசுவும் கூடப் போய் மைக் பிடித்துப் பேசுகிறாளாம்!

கீதாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. போன வாரம் பார்க்கப் போனேன். சரசுவின் கைக்குச் சூடு தெரியாது, அந்த நோய் அதையும் கொண்டு போய்விட்டது. அதனால் பத்மாதான் முழங்கையை விட்டுத் தண்ணீரைப் பதம் பார்க்கிறார்.

"சரியா இருக்கு சம்பந்தி. ஊத்துங்க..."

காலை நீட்டி உட்கார்ந்து, பேரனை மேலே கிடத்திக் குளிப்பாட்டுவது சரசு.