சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போனேன்

கோதுமை சாப்பிட்டால் எனக்கு வயிறு ஊதி, வலி உயிர் போகும். இரண்டு வருடமாகச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் எடுத்த ஸ்கேன் எல்லாம் நார்மல் என்பதால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

புது டாக்டர்தான் ஒரு வழி சொன்னார். "சப்பாத்தி சாப்பிடுங்க. வலி வரும்போதே ஸ்கேன் எடுத்தா, குடல் வீங்குதான்னு பாத்துரலாம்." சீட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

இன்று காலை மூன்று சப்பாத்தி சாப்பிட்டேன். வடசேரியில் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். "சாப்பிட்டுட்டா வந்திய அக்கா? வெறும் வயித்துலல்லா வரணும்!"

"சாப்பிட்டுட்டு எடுக்கத்தான் டாக்டரே சொல்லியிருக்காரு. சீட்டப் பாரும்மா."

அவள் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்படியெல்லாம் எடுக்க மாட்டோம்க்கா. நாலு மணிக்கூர் இருங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுந்துபோய்க் கெஞ்சியும் பார்த்தேன். மதியம் வலி நின்றது. அதன் பிறகுதான் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ரிப்போர்ட் நார்மல்.

வீட்டுக்காரர் சந்தோஷமாக வாங்கிப் படித்தார். "நான் அன்னைக்கே சொன்னேம்லா ஏட்டி, ஒனக்கு ஒண்ணும் கெடையாதுன்னு."

டாக்டருக்கு போன் செய்தேன். வியாழக்கிழமை மறுபடியும் சாப்பிட்டுவிட்டு எடுக்க வேண்டுமாம்.

நாகர்கோவில் பக்கம், சாப்பிட்டவளுக்கும் ஸ்கேன் எடுக்கிற இடம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். சீரகத் தண்ணீர் குடிக்கச் சொல்ல வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போய்விடுங்கள். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.